கோடை வெயிலும் குளிர்ந்த நீரும்: தாய்லாந்து மக்கள் பருகும் பானங்கள்



கணவனும் மனைவியுமாக வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ரொம்ப சந்தோஷம். இன்று நான் பேசப்போவது வெயில் காலத்தில் என்ன குடிக்க வேண்டும் என்பதைப் பற்றி. "இதுக்கு ஒரு கூட்டமா? தாகம் எடுத்தா தண்ணி குடிக்கிறோம்" என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் நாக்கின் வறட்சியைத் தணிப்பது வேறு. உடம்பு இழந்த நீரைத் திரும்பக் கொடுப்பது வேறு. முதல் காரியத்தை ஒரு பாட்டில் கலர் செய்துவிடும். இரண்டாவது காரியத்துக்குக் கொஞ்சம் அறிவும் அக்கறையும் வேண்டும்.

இதை விளக்க தாய்லாந்து நாட்டை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். பெரியவர்களுக்குச் சயாம் என்று சொன்னால்தான் புரியும். 1939-ல் அந்த நாட்டின் பெயரைத் தாய்லாந்து என்று மாற்றினார்கள். ஏன் அந்த நாடு? காரணம் இருக்கிறது. அங்கேயும் நம்மைப் போலவே கொளுத்தும் வெயில். அங்கேயும் சோறுதான் சாப்பாடு. காரத்தில் நம்மையே மிஞ்சிவிடுவார்கள். வெயிலுக்கு அவர்கள் குடிக்கும் பானங்களில் போடுகிற செடி கொடிகளில் பெரும்பாலானவை நம்ம வேலியிலும் வாய்க்கால் ஓரத்திலும் கிடக்கின்றன.

அவர்கள் மொழியில் தண்ணீருக்கு என்ன பெயர் தெரியுமா? "நாம்" என்று சொல்கிறார்கள். பல பானங்களின் பெயர் "நாம்" என்றுதான் ஆரம்பிக்கும். இது நமக்கு ஞாபகம் வைத்துக்கொள்ள வசதி.

அங்கே வெயில் எப்படி?

மார்ச் முதல் மே வரை அங்கே கடும் கோடை. ஏப்ரல்தான் உச்சம். 2016-ம் ஆண்டு ஏப்ரல் 28-ம் தேதி, வடக்கே மே ஹாங் சோன் என்ற இடத்தில் 44.6 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவானது. நாம் சித்திரைப் பிறப்புக் கொண்டாடும் அதே நாட்களில், ஏப்ரல் 13 முதல் 15 வரை, அவர்களுக்கும் புத்தாண்டு. சொங்க்ரான் என்று பெயர். பெரியவர்கள் கையில் வாசனை நீர் ஊற்றி ஆசி வாங்குவதும், தெருவில் ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் வாரி இறைப்பதும் அன்றைய வழக்கம். கோடை நடுவில் வருகிற பண்டிகைக்குத் தண்ணீரையே பொருளாக வைத்தார்கள் பாருங்கள்.

வடக்குப் பகுதிக் கிராமங்களில் இன்னொரு நல்ல பழக்கம் உண்டு. வீட்டு வாசலில் சின்னக் கூரை போட்டு, மண்பானையில் தண்ணீரும் ஒரு கொட்டாங்கச்சி அகப்பையும் வைத்துவிடுவார்கள். வழிப்போக்கர் யார் வேண்டுமானாலும் மொண்டு குடிக்கலாம். நம் தண்ணீர்ப்பந்தல் மாதிரிதான். முன்பின் தெரியாதவனுக்கும் தாகம் எடுக்கும் என்று நினைத்துப் பார்த்த மனசு அது.

காரம் சாப்பிட்டால் தண்ணீர் ஏன் கேட்பதில்லை?

மிளகாய் அவர்களுக்கும் சொந்தம் இல்லை, நமக்கும் சொந்தம் இல்லை. அது அமெரிக்கக் கண்டத்துப் பயிர். போர்ச்சுகீசியர் அதை ஆசியாவுக்குக் கொண்டுவந்தார்கள். தாய்லாந்தின் பழைய தலைநகரான அயுத்தியாவுக்கு அவர்கள் தூது போனது 1511-ல். அதற்கு முன்னால் காரம் என்றால் மிளகுதான். நாம் மிளகு என்ற பெயரை வைத்தே மிளகாய் என்று சொன்னோம். அவர்களோ மிளகாயை "பிரிக்" என்கிறார்கள். மிளகை "பிரிக் தாய்", அதாவது நம்ம ஊர்ப் பிரிக், என்கிறார்கள். பழசு எது, புதுசு எது என்று பெயரே சொல்லிவிடுகிறது.

மிளகாயின் காரத்துக்குக் காரணம் காப்சைசின் என்ற பொருள். நம் நாக்கிலும் வாயிலும் சூட்டை அறிகிற நரம்பு நுனிகள் இருக்கின்றன. 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் அவை "சுடுது, சுடுது" என்று மூளைக்குச் செய்தி சொல்லும. காப்சைசின் பட்டாலும் அதே நுனிகள் அதே செய்தியைத்தான் அனுப்புகின்றன. அதனால்தான் "வாய் எரியுது" என்கிறோம். உண்மையில் அங்கே நெருப்பும் இல்லை, சூடும் இல்லை. இந்த இரகசியத்தை டேவிட் ஜூலியஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானியின் குழு 1997-ல் கண்டுபிடித்தது. 2021-ல் அவருக்கு மருத்துவ நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இந்தக் காப்சைசின் தண்ணீரில் லேசில் கரையாது. எண்ணெயிலும் கொழுப்பிலும் கரையும். ஆகவே காரம் தின்றுவிட்டு வெறும் தண்ணீரை மடமடவென்று குடித்தால் காரம் வாய் முழுக்கப் பரவும், அடங்காது. பால், தயிர், மோர் இவற்றில் உள்ள பால் புரதம் காரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடும். ஒரு வாய் வெறும் சோறும் உதவும்.

தாய்லாந்தில் பழைய நாளில் பால் குடிக்கும் வழக்கம் அதிகம் கிடையாது. டென்மார்க் நாட்டு உதவியோடு அங்கே பெரிய பால் பண்ணை திறந்ததே 1962-ல்தான். அப்படியானால் காரத்தை எப்படிச் சமாளித்தார்கள்? குழம்பில் தேங்காய்ப் பால் சேர்த்தார்கள். பப்பாளிக்காயை இடித்துச் செய்யும் சோம் தாம் என்ற காரமான கலவைக்குப் பக்கத்தில் பச்சை முட்டைக்கோசும் காராமணிக் காயும் ஒட்டும் அரிசிச் சோறும் வைத்தார்கள். கூடவே லேசான புளிப்பும் கொஞ்சம் இனிப்பும் உள்ள பச்சிலைப் பானங்களைக் குடித்தார்கள். காரம் தின்றால் நெற்றி வியர்க்கிறது. வியர்வை காயும்போது உடம்பு குளிர்கிறது. ஆனால் போன நீரைத் திரும்பக் கொடுத்தால்தான் அந்தக் கணக்கு சரியாகும்.

என்னென்ன பானங்கள்?

ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். தாய்மார்கள் கவனியுங்கள். ஐயாமார்களும் கவனியுங்கள், அடுப்பு பற்றவைக்க உங்களுக்கும் கை இருக்கிறது.

முதலாவது நாம் தக்ராய். இது எலுமிச்சம்புல் நீர். புல்லின் அடித்தண்டு ஐந்தாறு எடுத்து நன்றாக நசுக்கி, ஒன்றரை லிட்டர் தண்ணீரில் பத்து நிமிஷம் கொதிக்க வைப்பார்கள். மணத்துக்கு ரம்பை இலை ஒன்றைக் கட்டிப் போடுவதும் உண்டு. வடிகட்டி ஆறவைத்துக் கொஞ்சம் சர்க்கரை சேர்ப்பார்கள்.

இரண்டாவது நாம் மத்தூம். மத்தூம் என்றால் நம் வில்வம். வில்வக்காயை வட்ட வட்டமாக நறுக்கி வெயிலில் காயவைத்து, லேசாக வறுத்துக் கொதிக்க விட்டால் தேன் நிறத்தில் மணக்க மணக்க ஒரு நீர் கிடைக்கும். அந்த நாட்டில் கல்யாணத்தின்போது மணமக்கள் காதோரம் வில்வ இலை செருகுகிற வழக்கமும் உண்டு. நமக்குச் சிவன் கோயிலில் அர்ச்சனைக்கு வில்வம். அவர்களுக்கு மணவறையிலும் வில்வம், கோடையில் குடிக்கவும் வில்வம்.

மூன்றாவது நாம் க்ரச்சியப். நம் புளிச்சகீரை இனத்துச் செடி ஒன்று. பூ உதிர்ந்த பிறகு காயைச் சுற்றிச் சிவப்பாய்ச் சதைப்பற்றோடு ஒரு தோல் நிற்கும். அதைக் காயவைத்துக் கொதிக்க விட்டால் இரத்தச் சிவப்பில் புளிப்பான பானம் வரும். இது இரத்த அழுத்தத்தைச் சற்றே குறைக்கும் என்று ஆராய்ச்சிகளில் தெரிய வந்திருக்கிறது. அதற்காக யாரும் பி.பி. மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு குடியுங்கள். கர்ப்பிணிகள் இதை வழக்கமாகக் குடிக்காமல் இருப்பது நல்லது.

நான்காவது நாம் அஞ்சன். இது சங்குப்பூ நீர். நீலச் சங்குப்பூவை வெந்நீரில் போட்டால் தண்ணீர் நீலமாகும். அதில் எலுமிச்சம் பழத்தைப் பிழிந்தால் கண் முன்னாலேயே ஊதா நிறமாக மாறும். பிள்ளைகளுக்கு இதுதான் வேடிக்கை. மந்திரம் ஒன்றுமில்லை. பூவில் உள்ள நிறப்பொருள் புளிப்புப் பட்டால் நிறம் மாறும், அவ்வளவுதான். கடைச் சாயத்தண்ணீருக்கு அழுகிற பிள்ளைக்கு இதைச் செய்து காட்டுங்கள்.

ஐந்தாவது நாம் பை புவாபோக். புவாபோக் நம் வல்லாரை. இலையை அரைத்து வடிகட்டிப் பச்சைச் சாறாகக் குடிப்பார்கள். அடிபட்டு உள்ளுக்குள் இரத்தம் கட்டினால் இதைக் குடிக்கச் சொல்வது அங்கே பாட்டி வைத்தியம். காதலில் தோற்றவனைப் பார்த்து, "உள்காயமா? போய் வல்லாரைச் சாறு குடி" என்று கேலி பேசுவார்களாம்! நமக்கு வேண்டியது வேறு ஒரு எச்சரிக்கை. வல்லாரை ஈரத்திலும் சாக்கடை ஓரத்திலும் படரும். கொதிக்க வைக்காமல் குடிக்கிற சாறு ஆகையால், சுத்தமான இடத்து இலையாகப் பார்த்து, பல தடவை நல்ல தண்ணீரில் கழுவி, காய்ச்சி ஆறிய நீரில்தான் அரைக்க வேண்டும்.

ஆறாவது நாம் மனாவ், எலுமிச்சம் பழச்சாறு. அவர்கள் இதில் சர்க்கரையோடு ஒரு சிட்டிகை உப்பும் போடுவார்கள். வியர்வையில் உப்பும் போகிறது அல்லவா? அந்த உப்பு வீண் இல்லை.

கடைசியாக நாம் மப்ராவ், இளநீர். நம் இளநீரேதான். ராச்சபுரி, சமுத் சாக்கோன் பக்கத்துத் தோப்புகளில் மணமுள்ள இளநீர் விளைகிறது. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் என்ற உப்புச் சத்துக் குறைவு. தாகத்துக்கு மிக நல்லது. ஆனால் வயிற்றுப்போக்குக்கு இதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டர் சொன்னால்தான் குடிக்க வேண்டும்.

சாப்பாட்டிலும் ஒன்று சொல்லி விடுகிறேன். காவ் சே என்று கோடை உணவு ஒன்று உண்டு. மோன் என்ற இனத்து மக்களிடமிருந்து வந்தது. சுலலாங்கோர்ன் மன்னர் காலத்தில் அரண்மனையிலும் பெயர் பெற்றது. மல்லிகை மணம் ஏற்றிய குளிர்ந்த தண்ணீரில் சோற்றைப் போட்டுத் தொடுகறிகளோடு சாப்பிடுவார்கள். நீராகாரம் குடித்து வளர்ந்த நமக்கு இது புரியாத விஷயமா?

இனிப்பில்தான் ஆபத்து

இத்தனை நல்ல பானங்கள் இருந்தும் அந்த நாட்டுக்கு ஒரு தொல்லை வந்து சேர்ந்தது. அதுதான் சர்க்கரை. தகரடப்பாவில் கெட்டிப் பால் வந்தது. காய்ச்சிய கடுந்தேநீரில் சர்க்கரையும் கெட்டிப் பாலும் கொட்டி, ஐஸ் போட்டு, ஆரஞ்சு நிறத்தில் சா யென் என்று விற்கிறார்கள். காரத்துக்கு இதமாகத்தான் இருக்கும், பால் இருக்கிறது அல்லவா? ஆனால் சர்க்கரை ஜாஸ்தி. பச்சிலைப் பானங்களையும் பாகு மாதிரி இனிப்பாக்கி விற்கும் கடைகள் உண்டு. புட்டியில் வரும் குளிர்பானம் வேறே.

அந்த அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. 2017 செப்டம்பரில் இனிப்புப் பானங்களுக்குச் சர்க்கரையின் அளவைப் பார்த்து வரி போட்டது. 100 மில்லியில் 6 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் வரி. அளவு ஏற ஏற வரியும் ஏறும். அவர்கள் சுகாதாரத் துறையினர் மக்களுக்குச் சொல்லித் தரும் கணக்கு ஒன்று உண்டு: ஆறு, ஆறு, ஒன்று. ஒரு நாளைக்கு ஒரு ஆளுக்குச் சர்க்கரை 6 தேக்கரண்டி, எண்ணெய் 6 தேக்கரண்டி, உப்பு 1 தேக்கரண்டி. இதற்கு மேல் போகக் கூடாது.

இப்போது கணக்குப் பாருங்கள். 100 மில்லியில் 10 கிராம் சர்க்கரை உள்ள குளிர்பானம் 250 மில்லி குடித்தால் 25 கிராம் சர்க்கரை உள்ளே போகிறது. அது 6 தேக்கரண்டிக்கும் சற்று அதிகம். ஒரு நாள் பங்கு ஒரே மூச்சில் தீர்ந்தது. அப்புறம் காப்பி, டீ, பலகாரம் எல்லாம் கடன் கணக்குதான். அந்தக் கடனை வட்டியோடு வசூலிக்க வருவது நீரிழிவு.

அதே சமயம், நான் சொன்ன ஒன்றரை லிட்டர் எலுமிச்சம்புல் நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை போட்டால் குடும்பத்துக்கே ஆறு டம்ளர் வரும். ஆளுக்கு ஒரு தேக்கரண்டிதான் சேரும். சர்க்கரை வியாதி உள்ளவர்கள் இனிப்பே போடாமல் குடிக்கலாம். புல்லின் மணமே போதும். வெல்லம் போட்டால் தப்பில்லை என்று சிலர் சொல்வார்கள். வெல்லமும் சர்க்கரைதான், அளவுதான் முக்கியம்.

தாய்லாந்துக் கடையில் இனிப்புக் குறைவாக வேண்டும் என்றால் "வான் நோய்" என்று கேட்க வேண்டும். "வான்" என்றால் இனிப்பு. "நோய்" என்றால் கொஞ்சம். அவர்கள் பாஷையில் இனிப்பு "நோய்" ஆனால் நம் பாஷையில் நோய் குறையும்! இதை மட்டுமாவது மறக்காதீர்கள்.

தண்ணீர் சுத்தமாக இருக்கட்டும்

இந்தப் பானங்களில் பெரும்பாலானவை கொதிக்க வைத்துச் செய்பவை. கொதித்த நீரில் காலரா, டைபாய்டு கிருமிகள் உயிரோடு இராது. அங்கே பல கிராமங்களில் கூரையில் விழும் மழைநீரைப் பெரிய பெரிய சிமெண்டு ஜாடிகளில் பிடித்து வைப்பார்கள். 1980-களில் அரசாங்கமே இதற்குத் திட்டம் போட்டு வடகிழக்குப் பகுதியில் வீட்டுக்கு வீடு ஜாடி செய்ய உதவியது.

கொதிக்க வைத்த பானத்தை ஈக்கள் மொய்க்கும்படி திறந்து வைத்தால் பட்ட பாடெல்லாம் வீண். மூடி வையுங்கள். கையை உள்ளே விடாமல் நீண்ட காம்புள்ள அகப்பையால் எடுங்கள். அன்று செய்ததை அன்றே தீர்த்துவிடுங்கள். குளிர்ச்சிக்கு மண்பானை போதும். எந்தத் தண்ணீரில் செய்தது என்று தெரியாத ஐஸ் வேண்டாம். கிருமி குளிரில் சாவதில்லை, தூங்குகிறது. வயிற்றுக்குள் போனதும் விழித்துக்கொள்ளும்.

வீட்டில் யார் குடிக்கிறார்கள்?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பானம் செய்தாயிற்று. யார் குடித்தார்கள்? பல வீடுகளில் பிள்ளைகளுக்கு ஊற்றி, வீட்டுக்காரருக்கு ஊற்றி, மாமனார் மாமியாருக்கு ஊற்றி, மிச்சம் இருந்தால் அடுப்படியில் நிற்கிறவள் குடிக்கிறாள். இல்லையென்றால் இல்லை. வயலில் வெயில் முதுகில். வீட்டில் அடுப்பின் அனல் முகத்தில். அவளுக்குத்தான் நீர் அதிகம் போகிறது.

இன்னொன்று, வெளிப்படையாகவே சொல்கிறேன். காட்டு வேலைக்குப் போகும் பெண்கள் பலர் வேண்டுமென்றே தண்ணீர் குடிப்பதில்லை. ஏன்? ஒதுங்க மறைவான இடம் இல்லை. கூச்சம். காலையிலிருந்து பொழுது சாயும்வரை அடக்கி வைத்துக்கொள்கிறார்கள். இதனால் நீர்க்கடுப்பு, சிறுநீர்ப்பாதையில் கிருமி, சிறுநீரகக் கல் எல்லாம் வர வழி உண்டு. கர்ப்பிணியாக இருந்தால் சிறுநீர்க் கிருமி தாய்க்கும் ஆபத்து, வயிற்றுப் பிள்ளைக்கும் ஆபத்து. ஐயா, இது அவள் ஒருத்தியின் பிரச்சினை இல்லை. வேலை செய்யும் இடத்தில் நாலு கம்பு நட்டு ஒரு கீற்று மறைப்புக் கட்டிக் கொடுப்பது உங்கள் கையில் இருக்கிறது. "ஏம்மா, தண்ணி குடிச்சியா?" என்று கேட்பதற்குக் காசு செலவில்லை. அம்மா, நீங்களும் "என்னங்க, கிளம்பும்போது தண்ணிச் செம்பு எடுத்துக்கிட்டீங்களா?" என்று கேளுங்கள்.

கடும் வெயிலில் வேலை செய்பவர்கள் தாகம் எடுக்கும் வரை காத்திருக்கக் கூடாது. இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். போதுமா போதாதா என்று தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி சொல்கிறேன். சிறுநீர் வைக்கோல் நிறத்தில் வெளுப்பாக இருந்தால் சரி. கரும்மஞ்சளாகப் போனால் உடம்பில் நீர் குறைவு.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இந்தப் பானம் எதுவும் வேண்டாம். தண்ணீர்கூட வேண்டாம். எந்த வெயிலிலும் தாய்ப்பாலே போதும். அந்தக் குழந்தையின் தாய்தான் கூடுதலாக நீர் குடிக்க வேண்டும்.

இந்த அறிகுறிகளைக் கண்டால்

தலைசுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு, மிகுந்த களைப்பு வந்தால் உடனே நிழலுக்கு வந்து, உடையைத் தளர்த்தி, கொஞ்சம் கொஞ்சமாக நீர் குடிக்க வேண்டும். உடம்பு அனலாய்க் கொதித்து, பேச்சுக் குழறி, நினைவு தப்பினால் அது வெப்ப வாதம். உயிருக்கே ஆபத்து. நினைவில்லாதவர் வாயில் எந்தப் பானத்தையும் ஊற்றாதீர்கள். உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-க்குச் சொல்லி அனுப்புங்கள்.

வயிற்றுப்போக்கு வந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை வாங்கிக் கரைத்துக் கொடுங்கள். பொட்டலம் கைக்கு வரும்வரை, ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் மட்டமாக 6 தேக்கரண்டி சர்க்கரையும், மட்டமாக அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்கலாம். அளவு தப்பக் கூடாது. எந்தப் பச்சிலைப் பானமும் இதற்கு ஈடாகாது.

கடைசியாக

தாய்லாந்துக்காரர்கள் வெயிலையும் காரத்தையும் சமாளிக்கக் கடல் கடந்து எதையும் தேடவில்லை. வேலியோரத்துப் புல், வில்வக்காய், நீலப்பூ, மழைத்தண்ணீர், மண்பானை, இவ்வளவுதான். இவை ஒன்றும் வியாதியைத் தீர்க்கும் மருந்து இல்லை. தண்ணீரை விரும்பிக் குடிக்க வைக்கும் உபாயம். அதுவே பெரிய காரியம். அதில் சர்க்கரையைக் கொட்டியபோதுதான் நல்லது கெட்டதாகத் திரும்பியது.

ஆகவே நாளைக் காலை உலை வைக்கும்போது பக்கத்து அடுப்பில் ஒரு பாத்திரம் தண்ணீரும் வையுங்கள். எலுமிச்சம்புல் இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் சீரகம் போடுங்கள். மோர் இருந்தால் நீர்மோர் ஆக்குங்கள். ஆறியதும் முதல் டம்ளரை யாருக்குக் கொடுப்பது என்று கேட்டால், அடுப்படியில் நிற்கிறவருக்குக் கொடுங்கள். இரண்டாவது டம்ளரை அவர் கையால் நீங்கள் வாங்கிக் குடியுங்கள்.

சந்தேகம் இருந்தால் உங்கள் ஊருக்கு வரும் கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள்.